16 கோர் இருந்தும் ஒரே கோர் மட்டும் திணறுகிறது: இன்டரப்ட் ஏன் பரவ மாட்டேன் என்கிறது?

இராவேலை | செவ்வாய், இரவு 11:52

வணக்கம். எங்கள் ஊரில் வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறேன். நடுவில் ஒரு லினக்ஸ் சர்வர்தான் ரவுட்டர். இரண்டு சாக்கெட், சாக்கெட்டுக்கு 8 கோர், மொத்தம் 16. வாடிக்கையாளர் பக்கம் ஒரு 10 கிகாபிட் கார்டு, வெளி இணைப்புப் பக்கம் அதே மாதிரி இன்னொன்று.

ராத்திரி 9 மணி தாண்டினால் ஃபோன் ஓயாது. "டவுன்லோடு வரவே இல்லை" என்பதுதான் எல்லோருடைய புகாரும். ஒவ்வொரு கோரின் பாரத்தையும் காட்டும் எம்பிஸ்டாட் போட்டுப் பார்த்தால் கோர் 0-இல் சாஃப்ட் என்ற பத்தி, அதாவது இன்டரப்ட்டுக்குப் பிந்தைய வேலை, 98, 99 சதவீதம். மற்ற 15 கோரும் சும்மா இருக்கின்றன. வாடிக்கையாளர் பக்கக் கார்டில் பாக்கெட் கைவிடப்பட்டு விழுந்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. சாயங்காலம் 6 மணிக்கு ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பைப் ("வேலை வந்திருக்கிறது" என்று சாதனங்கள் கோரைத் தட்டும் இன்டரப்ட்டுகளின் எண்ணிக்கை அதில் இருக்கும்) பார்த்தால் அந்தக் கார்டின் எண் சரசரவென்று ஏறுகிறது. 9 மணிக்கு மேல், போக்குவரத்து உச்சத்தில் இருக்கும்போது, அந்த எண் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. பாக்கெட் வராமலா கோர் 99-இல் ஓடும்?

மற்ற கோர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க என்ன செய்யலாம்?


வேப்பமரம் | புதன், காலை 6:20

ஒரு இன்டரப்ட் எந்தக் கோர்களுக்குப் போகலாம் என்று சொல்லும் எஸ்எம்பி அஃபினிட்டி கோப்பில் எஃப்எஃப்எஃப்எஃப் எழுதிப் பாருங்கள். 16 பிட்டும் 1, அதாவது எல்லாக் கோருக்கும் அனுமதி. தானாகப் பரவிவிடும்.


இராவேலை | புதன், காலை 6:48

எழுதிவிட்டேன், அண்ணா. திரும்பப் படித்தால் எஃப்எஃப்எஃப்எஃப் என்றே காட்டுகிறது. ஆனால் ஒன்றும் மாறவில்லை, கோர் 0 பத்தியில்தான் ஏறுகிறது.


மூலநிரல் | புதன், காலை 9:15

மாறாது. இந்தக் குழப்பம் ரொம்பப் பேருக்கு இருக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

அஃபினிட்டி மாஸ்க் என்பது "இந்தக் கோர்களுக்குள் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்" என்று நாம் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குத் தரும் அனுமதி. இத்தனை கோருக்கும் மாறி மாறிப் போடு என்ற கட்டளை அதில் இல்லை. அதே ஃபோல்டரில் எஃபெக்டிவ் அஃபினிட்டி என்று இன்னொரு கோப்பு இருக்கும், அதைப் படியுங்கள். உங்கள் இயந்திரத்தில் அது 1 என்று காட்டும். கோர் 0 மட்டும். உண்மையில் இன்டரப்ட் எங்கே போகிறது என்பதைச் சொல்வது அதுதான்.

காரணம் வன்பொருளிலேயே இருக்கிறது. இன்றைய கார்டுகள் தனிக் கம்பி வழியாக இன்டரப்ட் அனுப்புவதில்லை. எம்எஸ்ஐ அல்லது எம்எஸ்ஐ-எக்ஸ் முறையில், நினைவகத்தில் எழுதுவதுபோல ஒரு சிறு செய்தியை பஸ் என்ற இணைப்புப் பாதையில் அனுப்புகின்றன. எக்ஸ்86-இல் அந்த முகவரிக்குள் எந்தக் கோர் என்பது இருக்கும், எழுதும் தரவுக்குள் எந்த வெக்டர் என்பது இருக்கும். போஸ்ட்கார்டில் எழுதும் முகவரி மாதிரிதான்: ஒரு போஸ்ட்கார்டு, ஒரு வீடு. வெக்டர் என்பது கோருக்கு 256 இடம் கொண்ட பட்டியலில் ஒரு வரிசை எண். அதில் முதல் 32 செயலியின் சொந்தப் பிழைகளுக்கு, அதாவது பூஜ்யத்தால் வகுப்பது, பேஜ் ஃபால்ட் போன்றவற்றுக்கு ஒதுக்கப்பட்டவை. மிச்சத்தில்தான் சாதனங்களை இயக்கும் டிரைவர்களும் கர்னலின் சொந்தத் தேவைகளும் பங்கு போட வேண்டும்.

ஒரே இன்டரப்ட்டைப் பல கோருக்கு அனுப்ப வேண்டுமென்றால் அத்தனை கோரிலும் அதே எண்ணில் ஒரு வெக்டரைப் பிடித்து வைக்க வேண்டும். கார்டுக்குப் பல வரிசை (பாக்கெட் காத்திருக்கும் தனித்தனி இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்டரப்ட்), இயந்திரத்துக்குப் பத்து கார்டு என்று ஆகும்போது அது கட்டுபடியாகாது. கர்னலின் 4.15 பதிப்பில், அதை எழுதுபவர்களில் ஒருவரான தாமஸ் கிளைக்ஸ்னர் இந்த வெக்டர் ஒதுக்கும் பகுதியையே புதிதாக எழுதினார். இப்போது ஒரு இன்டரப்ட்டுக்கு ஒரே கோர். மாஸ்க்கில் உள்ளவற்றில் எதில் இடம் அதிகம் காலியோ அதைத் தேர்ந்தெடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் கோர் நீங்கள் எழுதிய புது மாஸ்க்கிலும் இருந்தால், "எதற்கு வீணாக இடம் மாற்றுவது" என்று கர்னல் அங்கேயே விட்டுவிடும். கோர் 0 உங்கள் எஃப்எஃப்எஃப்எஃப்-க்குள் இருக்கிறதே. அதனால்தான் எழுதியும் எழுதாத மாதிரி ஆகிவிட்டது.


கல்தச்சன் | புதன், காலை 10:02

மூலநிரல் சொன்னது முழுக்கச் சரி. பழைய கதை தெரிந்தால் இது ஏன் இப்படி வளர்ந்தது என்பது புரியும். அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஒற்றைச் செயலி நாட்களில் இன்டரப்ட் கம்பிகளை வாங்கும் 8259ஏ சில்லு இரண்டு, ஒன்றின் வாலில் மற்றொன்று. ஆளுக்கு 8 கம்பி, இணைப்புக்கு ஒன்று போக 15 கம்பிகள். எல்லாம் ஒரே செயலிக்குப் போகும். பல செயலி வந்தபோது ஒவ்வொரு செயலிக்குள்ளும் இன்டரப்ட்டை வாங்க ஒரு லோக்கல் ஏபிக், வெளியே கம்பிகளை வாங்கிப் பிரித்து அனுப்ப ஐஓ ஏபிக் என்று இன்டெல் இரண்டாகப் பிரித்தது. 82093ஏஏ என்ற ஐஓ ஏபிக்கில் 24 கம்பி. ஒவ்வொரு கம்பிக்கும் "நீ எந்தச் செயலிக்குப் போக வேண்டும்" என்று 64 பிட்டில் ஒரு பதிவு. இன்று நீங்கள் அஃபினிட்டி என்று எழுதுவதன் வேர் அந்தப் பதிவில்தான் இருக்கிறது.

வன்பொருள் வழி விட்டாலும் கர்னல் அவ்வளவு சீக்கிரம் தயாராகவில்லை. 1996-இல் 2.0 பதிப்பில் பல செயலி ஆதரவு வந்தபோது, கர்னலுக்குள் ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் நுழைய முடியும். பெரிய பூட்டு என்று அதைச் சொல்வார்கள். 2.2, 2.4 நாட்களில் அந்தப் பூட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதானது. ஆனால் டிரைவர் எழுதுகிறவர் சிஎல்ஐ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், எல்லாச் செயலிகளிலும் இன்டரப்ட் நிற்கும். யாராவது ஹேண்ட்லருக்குள், அதாவது இன்டரப்ட்டைக் கவனிக்கும் குறியீட்டுக்குள், இருந்தால் அவர் வெளியே வரும்வரை மற்றவர் காத்திருப்பார். எழுதுவதற்குச் சுலபம், ஆனால் செயலி கூடக்கூட எல்லோரும் நின்றுகொண்டே இருப்பார்கள். 2.5 வரிசையில் அதைத் தூக்கினார்கள். அன்றைக்கு எத்தனை டிரைவர் உடைந்தது! ஒவ்வொன்றையும் திறந்து, எந்தத் தரவை எந்தப் பூட்டு காக்கிறது என்று யோசித்து எழுத வேண்டியிருந்தது. பெரிய பூட்டின் கடைசி மிச்சம் போனது 2011-இல், 2.6.39-இல்.


நுனிவிரல் | புதன், பகல் 12:40

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு டிரைவர் எழுதுகிறேன். ஒரு இன்டரப்ட் கோர் 2-இல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே இன்டரப்ட் மறுபடி வந்தால், கோர் 3-இல் அதே ஹேண்ட்லர் ஒரே நேரத்தில் ஓடுமா? அப்படி ஓடினால் என் குறியீடு முழுக்கத் தப்பு.


மூலநிரல் | புதன், பகல் 1:30

ஓடாது. ஒரே ஐஆர்க்யூவின், அதாவது ஒரே இன்டரப்ட் எண்ணின், ஹேண்ட்லர் ஒரே சமயத்தில் இரண்டு கோரில் ஓடாமல் கர்னல் பார்த்துக்கொள்கிறது. அது எப்படி என்பது அழகான விஷயம், சொல்லாமல் விட மனமில்லை.

எம்எஸ்ஐ போன்ற எட்ஜ் வகை இன்டரப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது தட்டிவிட்டுப் போகிறவரைப் போல. கதவைத் தட்டிய சத்தம் ஒருமுறைதான், கேட்காமல் விட்டால் போச்சு. கோர் 2 ஹேண்ட்லருக்குள் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து அஃபினிட்டி மாறி, அடுத்த தட்டல் கோர் 3-இல் விழுகிறது. கோர் 3 அந்த ஐஆர்க்யூவின் விவரப் பதிவைப் பூட்டிப் பார்க்கும். "ஏற்கெனவே நடக்கிறது" என்ற குறி இருக்கும். உடனே "இன்னொன்று பாக்கி" என்று ஒரு குறியை வைத்துவிட்டு, அந்த இன்டரப்ட்டை மறைத்துவிட்டு, தன் வேலைக்குத் திரும்பிவிடும். கோர் 2 ஹேண்ட்லரை முடித்துவிட்டு வெளியே வரும்போது பாக்கிக் குறியைப் பார்க்கும், மறைப்பை நீக்கும், மறுபடி ஒரு சுற்று ஹேண்ட்லரை ஓட்டும். தட்டல் தொலையவில்லை, இரண்டு பேர் ஒரே அறைக்குள் நுழையவும் இல்லை.

இதை வைத்து "அப்போ எனக்குப் பூட்டே வேண்டாம்" என்று நினைத்துவிடாதீர்கள், தம்பி. இந்தக் காவல் ஹேண்ட்லருக்கும் அதே ஹேண்ட்லருக்கும் இடையில் மட்டும்தான். ஹேண்ட்லருக்கும் உங்கள் ரீட் ஃபங்ஷனுக்கும் இடையில் எந்தக் காவலும் இல்லை. கார்டுக்கு இரண்டு ஐஆர்க்யூ இருந்தால் அவை இரண்டும் இரண்டு கோரில் தாராளமாக ஒரே நேரத்தில் ஓடும்.


செம்புக்கம்பி | புதன், மாலை 4:10

நுனிவிரல், இதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வாரத் தூக்கத்தை விலையாகக் கொடுத்துக் கற்றது.

சென்சார் தரவு வாங்கும் ஒரு எஃப்பிஜிஏ கார்டுக்கு டிரைவர் எழுதினேன். நாலு கோர் இயந்திரம். ரீட் ஃபங்ஷனில் பஃபரைத் தொடும் இடத்தில் வெறும் ஸ்பின் லாக் (கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) போட்டிருந்தேன். ஹேண்ட்லரிலும் அதே லாக். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இயந்திரம் உறைந்துவிடும். திரையில் ஒரு வரி வராது.

ஒருநாள் சந்தேகப்பட்டு இன்டரப்ட்டைக் கோர் 3-க்கும், படிக்கும் ப்ராசஸைக் கோர் 1-க்கும் கட்டிப்போட்டேன். மூன்று நாள் அசையாமல் ஓடியது. தீர்ந்தது என்று நினைத்து அனுப்பிவிட்டேன். வாங்கியவரிடம் இருந்தது இரண்டு கோர் இயந்திரம். பத்து நிமிஷத்தில் உறைந்தது.

நடந்தது இதுதான். கோர் 1-இல் ரீட் லாக்கைப் பிடித்திருக்கிறது. கோர் 3-இல் இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் அங்கே கொஞ்சம் சுற்றிக் காத்திருக்கும், கோர் 1 விட்டதும் எடுத்துக்கொள்ளும். பிரச்சினை இல்லை. இன்டரப்ட் அதே கோர் 1-இல் வந்தால்? ரீட் நடுவில் நிற்கிறது, அதன் தலைமேல் ஹேண்ட்லர் ஏறி உட்கார்ந்து அதே லாக்குக்காகச் சுற்றுகிறது. ஹேண்ட்லர் இறங்கினால்தான் ரீட் ஓடும், ரீட் ஓடினால்தான் லாக் கிடைக்கும். அவ்வளவுதான், அந்தக் கோர் முடிந்தது. பின்னாலேயே லாக் கேட்டு வரும் மற்ற கோர்களும் வரிசையாக மாட்டிக்கொள்ளும்.

திருத்தம் ஒரே சொல். ரீட் பக்கம் ஸ்பின் லாக்குக்குப் பதில் ஸ்பின் லாக் ஐஆர்க்யூசேவ். அது இரண்டு வேலை செய்கிறது: பூட்டு மற்ற கோர்களைத் தடுக்கிறது, இன்டரப்ட்டை அணைப்பது நம் சொந்தக் கோரிலிருந்து நம்மைக் காக்கிறது. அது அணைப்பது இந்தக் கோரில் மட்டும். மற்ற கோர்களில் இன்டரப்ட் வழக்கம்போல வரும், வரவும் வேண்டும்.

கர்னலைக் கட்டும்போது பூட்டுத் தவறுகளைப் பிடிக்கும் லாக்டெப்பை இயக்கிவிடுங்கள். 2.6.18-இலிருந்து இருக்கிறது, இங்கோ மோல்னார் எழுதியது. இந்த லாக்கை இன்டரப்ட்டுக்குள்ளும் எடுக்கிறாய், இன்டரப்ட் திறந்திருக்கும்போதும் எடுக்கிறாய் என்பதை அது பார்த்தாலே போதும், உறையாமலே கத்தும். நான் அதை இயக்கிய முதல் நிமிஷத்திலேயே வரி எண்ணோடு சொல்லிவிட்டது. மூன்று வாரம்!

இன்னும் ஒன்று. ஹேண்ட்லருக்குள்ளிருந்து அதே ஐஆர்க்யூவுக்கு டிஸேபிள் ஐஆர்க்யூ கூப்பிடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை அது காத்திருக்கும். காத்திருப்பவரும் முடிக்க வேண்டியவரும் நீங்களே. அதற்குத்தான் நோசிங்க் என்று முடியும் இன்னொரு வடிவம் இருக்கிறது.


நுனிவிரல் | புதன், மாலை 4:55

என் ரீட் ஃபங்ஷனிலும் வெறும் ஸ்பின் லாக்தான் இருக்கிறது. இப்போதே மாற்றுகிறேன். ரொம்ப நன்றி, அண்ணா.


வேப்பமரம் | புதன், மாலை 6:30

இராவேலை, என் யோசனை வேலைக்கு ஆகவில்லை, மூலநிரல் விளக்கத்தில் நானும் கற்றுக்கொண்டேன். கார்டில் எத்தனை வரிசை இருக்கிறது என்று ஈத்டூலில் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு ஐஆர்க்யூ ஒரு கோர் என்றால், பல வரிசை இருந்தால்தானே பல கோருக்குப் போகும். அப்புறம் இன்டரப்ட்டுகளைக் கோர்களுக்குப் பங்கிட்டு வைக்கும் ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடுகிறதா?


இராவேலை | வியாழன், அதிகாலை 2:40

வரிசை 16 இருக்கிறது. ஐஆர்க்யூபேலன்ஸும் ஓடுகிறது. 16 வரிசையின் இன்டரப்ட்டும் 16 கோரில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் வரிசை 0 மட்டும்தான் வேலை செய்கிறது, மற்ற 15-இலும் எண் அசையவே இல்லை. வெளி இணைப்புப் பக்கக் கார்டில் அப்படி இல்லை. அங்கே 16 வரிசையும் கிட்டத்தட்டச் சமமாக ஏறுகின்றன. ஒரே மாடல் கார்டு, ஒரே டிரைவர்.

சோதித்துப் பார்க்கலாம் என்று ஐஆர்க்யூபேலன்ஸை நிறுத்திவிட்டு, வரிசை 0-ஐக் கோர் 5-க்கு மாற்றினேன். மாஸ்க் மாறியது. ஆனால் 99 சதவீதம் கோர் 0-இலேயே இருந்தது! அரை மணி நேரம் பார்த்தேன். விடிகாலை 2 மணிக்குப் போக்குவரத்து குறைந்ததும் தானாகக் கோர் 5-க்குப் போய்விட்டது. இது என்ன மாயம் என்று புரியவில்லை.


மூலநிரல் | வியாழன், காலை 8:40

உங்கள் முதல் பதிவில் கேட்ட கேள்விக்கும் இதற்கும் ஒரே பதில்தான்: நாப்பி, கர்னல் பாக்கெட்டுகளை வாங்கும் முறை.

பாக்கெட்டுக்கு ஒரு இன்டரப்ட் என்றால் 10 கிகாபிட்டில் கர்னல் அதிலேயே மூழ்கிவிடும். அதனால் முதல் பாக்கெட்டுக்கு இன்டரப்ட் வந்ததும் டிரைவர் செய்யும் முதல் வேலை, அந்த வரிசைக்கு இன்டரப்ட்டை அணைப்பது. பிறகு ஒரு சாஃப்ட்ஐஆர்க்யூவை (இன்டரப்ட்டுக்குப் பின் ஓடும் மிச்ச வேலை) எழுப்பிவிட்டு வெளியே வந்துவிடும். அந்த சாஃப்ட்ஐஆர்க்யூ வரிசையைச் சுற்றிச் சுற்றிக் காலி செய்யும், ஒரு நடைக்கு 64 பாக்கெட். வரிசை காலியானால்தான் இன்டரப்ட்டைத் திரும்ப இயக்கும்.

உங்கள் வரிசை 9 மணிக்கு மேல் காலியாவதே இல்லை. அதனால் இன்டரப்ட் திரும்ப இயங்குவதும் இல்லை. எண் நின்றுபோனதற்கு அதுதான் காரணம். பாரம் உச்சத்தில் இருக்கும்போதுதான் இன்டரப்ட் குறைவாக இருக்கும்.

சாஃப்ட்ஐஆர்க்யூ எந்தக் கோரில் எழுப்பப்பட்டதோ அதே கோரில்தான் ஓடும். நேரம் மிஞ்சிப் போனால் அந்தக் கோருக்கென்றே இருக்கும் கேசாஃப்ட்ஐஆர்க்யூடி என்ற கர்னல் த்ரெட்டுக்குப் போகும், அதுவும் அதே கோர்தான். நீங்கள் அஃபினிட்டியை மாற்றினால் அடுத்த இன்டரப்ட்தான் கோர் 5-க்குப் போகும். அடுத்த இன்டரப்ட்டே வரவில்லையே! விடிகாலையில் வரிசை ஒருமுறை காலியானது, இன்டரப்ட் இயங்கியது, அடுத்த தட்டல் கோர் 5-இல் விழுந்தது, அன்றிலிருந்து அங்கே. சில டிரைவர்கள், ஐ40ஈ, எம்எல்எக்ஸ்5 போன்றவை, ஒவ்வொரு சுற்றிலும் "நான் இன்னும் மாஸ்க்கில் உள்ள கோரில்தான் இருக்கிறேனா" என்று பார்த்து, இல்லையென்றால் வலுவில் நிறுத்தி இடம் மாறும். உங்களுடையது அப்படிச் செய்யவில்லை போலும்.


கல்தச்சன் | வியாழன், காலை 9:05

இராவேலை, ஒரே ஒரு கேள்வி. வாடிக்கையாளர்கள் பிபிபிஓஇ-யில்தான் லாகின் செய்கிறார்களா?


இராவேலை | வியாழன், காலை 9:11

ஆமாம் சார். எல்லோரும் பிபிபிஓஇ. யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்துத்தான் வருவார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?


கல்தச்சன் | வியாழன், காலை 11:20

இரண்டு கார்டும் ஒன்று, டிரைவர் ஒன்று, ஒரு பக்கம் பரவுகிறது, மறுபக்கம் பரவவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்களே. அப்படியென்றால் வேறுபாடு பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும்.

எந்தப் பாக்கெட் எந்த வரிசைக்கு என்பதைக் கார்டேதான் முடிவு செய்கிறது, ஆர்எஸ்எஸ் என்று பெயர். அனுப்புபவர், பெறுபவர் ஐபி முகவரி, போர்ட் எண்கள் இவற்றை எடுத்து ஒரு ஹாஷ் போடும். அந்த ஹாஷின் கடைசி சில பிட்களை வைத்து ஒரு அட்டவணையில் தேடினால் வரிசை எண் கிடைக்கும். ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் ஒரே வரிசைக்கே போகும் என்பதால் முன்பின் மாறாது. அருமையான ஏற்பாடு.

ஆனால் இதற்கு ஐபி தலைப்பு கார்டின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிபிபிஓஇ-யில் ஈதர்நெட் தலைப்புக்கு அடுத்து வருவது பிபிபிஓஇ தலைப்பு, அதற்குள் பிபிபி, அதற்கும் உள்ளேதான் ஐபி. ரொம்பக் கார்டுகள் உறையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. "இது ஐபி இல்லை, எனக்குத் தெரியாது" என்று எல்லாவற்றையும் வரிசை 0-இல் தள்ளிவிடும். வெளி இணைப்புப் பக்கம் வருவது உறையில்லாத ஐபி, அதனால் அங்கே அழகாகப் பரவுகிறது. இன்டெல்லின் ஈ810 போன்ற புதுக் கார்டுகளில் தனித் தொகுப்பை ஏற்றினால் பிபிபிஓஇ-க்குள்ளும் பார்க்கும். உங்களுடையதில் அது இருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது, அடைப்பு இருப்பது அப்லோடு பக்கம். புகாரோ டவுன்லோடு பற்றி! டிசிபியில் டவுன்லோடு ஆகும் தரவுக்கு வீட்டிலிருந்து ஒப்புகைப் பாக்கெட்டுகள் திரும்ப வந்துகொண்டே இருக்க வேண்டும். சின்னச் சின்னப் பாக்கெட்தான், ஆனால் எண்ணிக்கை ஏராளம். கோர் 0-க்கு அளவு பொருட்டில்லை, எண்ணிக்கைதான் பாரம். ஒப்புகை தாமதமானாலோ விழுந்தாலோ அந்தப் பக்கத்து சர்வர் வேகத்தைக் குறைத்துவிடும். வாடிக்கையாளருக்கு அது டவுன்லோடு படுத்துவிட்டதாகத் தெரியும்.

கார்டு பிரிக்காததைக் கர்னலைப் பிரிக்கச் சொல்லலாம். ஆர்பிஎஸ் என்று 2010-இல் 2.6.35-இல் வந்தது, கூகிளில் இருந்த டாம் ஹெர்பர்ட் எழுதியது. இன்டரப்ட் வாங்கிய கோர், பாக்கெட்டை நெட்வொர்க் அடுக்குக்குள் கொண்டுபோகாமல், தலைப்பைப் பார்த்து ஹாஷ் மட்டும் போட்டு இன்னொரு கோரின் பின்வரிசையில் போட்டுவிடும். கர்னலில் தலைப்பைப் பிரிக்கும் பகுதிக்குப் பிபிபிஓஇ தெரியும், உள்ளே இருக்கும் ஐபியைப் பார்த்தே ஹாஷ் போடும். போட்டபிறகு அந்தக் கோரைத் தட்டி எழுப்ப வேண்டுமே, அதற்குக் கோருக்குக் கோர் அனுப்பும் இன்டரப்ட், ஐபிஐ. பாக்கெட்டுக்கு ஒன்று என்று அனுப்பாது. ஒரு சுற்று முடியும்போது யார் யாருக்குப் புதிதாக வேலை சேர்ந்ததோ அவர்களுக்கு மட்டும் தட்டும்.

செய்ய வேண்டியது: வாடிக்கையாளர் பக்கக் கார்டின் ஆர்எக்ஸ்-0 வரிசைக்குக் கீழே ஆர்பிஎஸ் சிபியூஸ் என்று கோப்பு இருக்கும். முதலில் அந்தக் கார்டு எந்த நியூமா முனையில், அதாவது எந்த சாக்கெட்டோடு சேர்ந்து, இருக்கிறது என்று பாருங்கள். கோர் 0 முதல் 7 வரை உள்ள சாக்கெட்டில் இருந்தால் எஃப்ஈ என்று எழுதுங்கள். 1 முதல் 7 வரை. கோர் 0-ஐ வேண்டுமென்றே விடுகிறேன், அதற்குப் பிரித்துப் போடும் வேலையே போதும். அடுத்த சாக்கெட்டைச் சேர்க்க வேண்டாம். பாக்கெட்டின் தலைப்பு ஏற்கெனவே இந்த சாக்கெட்டின் கேஷ் நினைவகத்தில் இருக்கிறது, அதை இன்னொரு சாக்கெட்டுக்கு இழுப்பது வீண் தாமதம். வரிசை 0-இன் இன்டரப்ட்டையும் திரும்பக் கோர் 0-க்கே கொண்டுவந்துவிடுங்கள். ஐஆர்க்யூபேலன்ஸ் 10 விநாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து இடம் மாற்றும், அந்த ஒரு ஐஆர்க்யூவைத் தொடாதே என்று அதனிடம் சொல்லிவையுங்கள்.


மண்பானை | வியாழன், பகல் 2:00

நானும் கேட்கலாமா? ராஸ்பெரி பை 3-இல் யூஎஸ்பி இன்டரப்ட்டை வேறு கோருக்கு மாற்ற முயன்றால் உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்று வருகிறது. என் ஆஃபீஸ் சர்வரில் என்விஎம்ஈ டிஸ்க்குக்கும் அதே பிழை.


மூலநிரல் | வியாழன், பகல் 2:35

பிழை ஒன்று, காரணம் இரண்டு.

பை 3-இல் வெளிச்சாதன இன்டரப்ட் எல்லாம் மொத்தமாக ஒரே கோருக்குத்தான் போகும். ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பும் வசதி அந்தச் சில்லில் இல்லை. பை 4-இல் ஆர்மின் ஜிஐசி-400 இருக்கிறது, அங்கே மாற்றலாம்.

என்விஎம்ஈ-யில் வன்பொருள் அனுமதிக்கிறது, கர்னல்தான் மறுக்கிறது. கோர்களைப் பங்கு போட்டு வரிசைக்கு இன்ன கோர் என்று டிரைவர் ஆரம்பத்திலேயே கர்னலிடம் ஒப்படைத்துவிட்டது. எந்தக் கோர் படிக்கச் சொன்னதோ அந்தக் கோரிலேயே முடிந்த செய்தியும் வர வேண்டும் என்பது நோக்கம். நீங்கள் மாற்றினால் அந்தக் கணக்கு கெடும். அந்த வரிசையின் கோர்கள் எல்லாவற்றையும் அணைத்தால் இன்டரப்ட்டும் வேறு இடம் தேடாமல் அணைந்துவிடும். அதை அப்படியே விடுங்கள், நல்லதுக்குத்தான்.


இராவேலை | வெள்ளி, அதிகாலை 1:20

கல்தச்சன் சார், கை கூப்புகிறேன். கார்டு முதல் சாக்கெட்டில்தான் இருந்தது. எட்டரைக்கு எஃப்ஈ எழுதினேன். கோர் 0 99-இலிருந்து நாற்பது சொச்சத்துக்கு இறங்கியது. 1 முதல் 7 வரை இருபதை ஒட்டி ஓடுகின்றன. ப்ராக் இன்டரப்ட்ஸில் கார்டின் எண் 9 மணிக்கு மேலும் நிற்காமல் ஏறுகிறது! கீழே சிஏஎல் என்ற வரியில் 1 முதல் 7 வரையான பத்திகளும் கூடவே ஏறுகின்றன. நீங்கள் சொன்ன தட்டல் அதுதானே?

பத்து மணிக்கு ஒரு கவலை வந்தது. சாஃப்ட்நெட் ஸ்டாட் கோப்பைப் பார்த்தேன், கோருக்கு ஒரு வரி. முன்பு முதல் வரியின் மூன்றாவது பத்தி ஓயாமல் ஏறிக்கொண்டிருந்தது, அது அடங்கிவிட்டது. ஆனால் ஆறாவது வரியில் இரண்டாவது பத்தி, முன்பு எப்போதும் பூஜ்யமாக இருந்தது, இப்போது ஏறுகிறது.


மூலநிரல் | வெள்ளி, காலை 7:50

சிஏஎல் அதுதான்.

மூன்றாவது பத்தி "வேலை மிச்சமிருக்கும்போதே நேரம் தீர்ந்துபோய் எழுந்துவிட்டேன்" என்ற கணக்கு. அது அடங்கியது நல்ல செய்தி. இரண்டாவது பத்தி பின்வரிசை நிரம்பிப் பாக்கெட் விழுந்த கணக்கு. ஆர்பிஎஸ் இல்லாதபோது உங்கள் பாக்கெட் அந்தப் பின்வரிசை வழியே போகவில்லை, அதனால் பூஜ்யம். இப்போது போகிறது, அதன் அளவு இயல்பாக 1000 பாக்கெட். நெட்டெவ் மேக்ஸ் பேக்லாக் என்ற சிஸ்கண்ட்ரோல் (கர்னல் அமைப்பு) மதிப்பை 4000 ஆக்கிப் பாருங்கள். ஆறாவது வரி என்றால் கோர் 5. அங்கே மட்டும் ஏறுகிறது என்றால் யாரோ ஒருவர் ஒரே இணைப்பில் பெரிதாக எதையோ ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒரே இணைப்பை இரண்டு கோருக்குப் பிரிக்க மாட்டார்கள், பிரித்தால் பாக்கெட்டுகள் முன்பின் மாறிவிடும்.


இராவேலை | சனி, அதிகாலை 12:40

4000 வைத்தேன். இரண்டாவது பத்தி நின்றுவிட்டது. கோர் 5-இல் இருந்தவரையும் கண்டுபிடித்துவிட்டேன், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ. ராத்திரி ராத்திரி முழுக் கோப்பையும் ஏற்றுகிறார்.

கார்டு எழும்போதே ஆர்பிஎஸ் மதிப்பு எழுதப்படும்படி யூடெவ் விதி ஒன்று போட்டிருக்கிறேன். பேக்லாக் மதிப்பை சிஸ்கண்ட்ரோல் கோப்பில் சேர்த்தாயிற்று. வியாழன் விடிகாலை பராமரிப்பு நேரம், அப்போது ஒருமுறை ரீபூட் செய்து இரண்டும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். இன்றைக்கு 9 மணியிலிருந்து இதுவரை இரண்டே ஃபோன். அதில் ஒன்று பில் பற்றி.